குப்புறப் படுத்த பத்து நாள்

என் வீட்டுக்காரரை அவர் வேலை செய்யும் இடத்தில் ‘ரெட்டைப் பூட்டு’ என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாகக் கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டின் கம்பிக் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு நட்டை முறுக்கிவிட்டு நாலு படி இறங்குவார். திரும்ப ஏறிப்போய் அதே நட்டைத் தொட்டுப் பார்ப்பார். வேலைக்கு அது நல்ல குணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனுஷன் அந்தக் குணத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்ததே கிடையாது.

வாசல் கதவைப் பூட்டுவார். இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் வந்த பிறகு, “ஒரு நிமிஷம்” என்று திரும்பி ஓடி இன்னொரு தடவை இழுப்பார். எந்த விசேஷத்துக்கும் நாங்கள் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது வேறு. “கேஸே தூங்கிடுச்சு, நீங்க ஏங்க முழிச்சிக்கிட்டிருக்கீங்க?” என்று கேட்டால், “பாத்துட்டா நிம்மதி” என்பார். பார்த்துப் பார்த்தும் அந்த நிம்மதி வந்து சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடவுள் பக்தி இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் குளித்துவிட்டு, ஜன்னல் ஓரமாகப் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து பேசுவார். மடியில் ஒரு நோட்டு இருக்கும். லிஃப்ட் சோதனைக்குக் கம்பெனியில் கொடுக்கும் கட்டம் போட்ட நோட்டு. அதைப் பார்த்துப் பார்த்து, மேலதிகாரிக்கு ரிப்போர்ட் வாசிப்பதுபோல் வாசிப்பார். “மக ஊர்ல மழை ஜாஸ்தி, கவனிக்கணும். பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி ஒழுகுது, போன வாரமே சொன்னேன்.” கடவுளுக்கே நினைவூட்டல் கடிதம் போடுகிற ஆள். நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். பயந்துபோய் வருகிறவர்களை உட்கார வைத்து, “ஒண்ணும் இருக்காது” என்று சொல்வதுதான் என் பிழைப்பில் பாதி. ஊருக்கெல்லாம் சொன்ன அந்த வார்த்தை என் வீட்டில் மட்டும் செல்லுபடி ஆகவில்லை.

போன வருடம் ஒருநாள், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் கயிறு வளைந்திருக்கிறது என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் லிஃப்ட் நின்றது. எட்டாவது மாடிக்காரர்கள் மூச்சிரைக்க ஏறி இறங்கிக்கொண்டே இவரைத் திட்டினார்கள். வேறு மூன்று பேர் வந்து அளந்து பார்த்தார்கள். கயிறு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது தடவை பார்க்கப் போனபோதுதான் கயிற்றுக்குப் பக்கத்தில் இருந்த கதவுச் சட்டமும் வளைந்து தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தார். வாசல்படியில் நின்று என் முகத்தையே பார்த்தார்.

“உன் மூக்கும் வளைஞ்சிருக்கு,” என்றார்.

“இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுதா?” என்றேன் நான். அப்புறம்தான் அவர் முகம் வெளுத்திருந்ததைக் கவனித்தேன்.

வலது கண்ணில், விழித்திரையின் நடுவில் சின்ன ஓட்டை என்றார் கண் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விடுவார்களாம். குமிழி எப்போதும் மேலே போகப் பார்க்கும். ஆகவே மனுஷன் குப்புறப் படுத்தால்தான் அது கண்ணின் பின்பக்கம் போய் அந்த ஓட்டையை அழுத்தி மூடும். “பத்து நாள் முகம் தரையைப் பாத்தபடிதான் இருக்கணும். சாப்பிடும்போதும் தலை குனிஞ்சுதான். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல. அந்தக் குமிழி செய்யும்,” என்றார். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று கேட்டதும் இவருக்கு வியர்த்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வலது கண் போனால் கயிறு பார்க்கிற வேலையும் போய்விடும் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தோம். கட்டிலின் ஓரத்துக்கு வெளியே அவர் தலை வரும்படி படுக்க வைத்து, நெற்றிக்கு வளையத் தலையணை ஒன்றை முக்காலிமேல் வைத்துக் கொடுத்தேன். டீக்கு ஸ்ட்ரா. அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் நான் தரையில் மல்லாந்து படுத்துத் தலையைக் கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவில் நீட்ட வேண்டும். சண்டை போடக்கூட அப்படித்தான். எங்களுக்குள் சண்டை பாதியாகக் குறைந்தது. படுத்து எழுந்திருக்க என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் நான் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது. புருவத்தில் ஒரு நரைமுடி நீளமாகத் தொங்கியது. பிடுங்கப் போனேன். “சும்மா இரு” என்றார்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் இருந்தார். இரண்டாம் நாள் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பால்காரர் கேட்டைச் சாத்தாம போறாரு.”

குப்புறப் படுத்திருப்பவருக்கு எப்படித் தெரிந்தது? போய்ப் பார்த்தால், கையில் அந்தக் கண்ணாடி. லிஃப்டுக்கு அடியில், கை நுழையாத இடங்களைப் பார்க்க, நீட்டி மடக்கும் கம்பியின் நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை முக்காலிப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, கன்னத்தைத் தலையணையில் சாய்த்து, இடது கண்ணால் வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கி வைத்தேன். மாலையில் இன்னொன்று முளைத்தது. மறுநாள் கட்டில் காலில் மூன்றாவது ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அதில் அடுப்படி தெரிந்தது.

“ஏங்க, உங்களுக்குக் கண்ணு வேணுமா, காவல் வேணுமா?”

“ரெண்டும்தான். நான் பாக்கலேன்னா யாரு பாக்குறது?”

“நான் இருக்கேன்ல?”

கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நீட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தரையில் படுத்து, அவர் மூக்குக்கு நேரே விரலை நீட்டினேன். “காலையில பத்து நிமிஷம் கடவுள்கிட்ட ஒப்படைக்கிறேன்னு சொல்றீங்க. பதினோராவது நிமிஷம் போய்த் திரும்ப வாங்கிக்கிறீங்க. அவருக்கே வெறுத்துப் போயிருக்கும்!” அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொன்னது சரிதான். சொன்ன விதத்துக்காகச் சாயங்காலம் வரை வருந்தினேன்.

நாலாம் நாள் டாக்டரம்மாவிடம் போனோம். ஆஸ்பத்திரி ஐந்தாவது மாடியில். அங்கே லிஃப்ட் இருந்தது. ஆனால் வேறு கம்பெனி லிஃப்ட். தான் சோதிக்காத லிஃப்டில் இவர் ஏறியதே கிடையாது. குனிந்த தலையோடு, என் தோளைப் பிடித்தபடி ஐந்து மாடியும் ஏறினார். டாக்டரம்மா கண்ணைப் பார்க்கும் முன்பே கன்னத்தைப் பார்த்தார். நெற்றியில் இருக்க வேண்டிய தலையணைத் தழும்பு கன்னத்தில் இருந்தது. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது.

“ஓட்டை மூட ஆரம்பிக்கல,” என்றார், படத்தைப் பார்த்துவிட்டு. “மீதி ஆறு நாள் நான் சொன்ன மாதிரி இருந்தா மூடலாம். இப்படியே இருந்தா இந்தக் கண்ணை நீங்க மறந்துடலாம். அதுக்கப்புறம் என்கிட்டயும் ஒண்ணும் இல்ல.” பிறகு, நாங்கள் படி ஏறி வந்தது தெரிந்து இன்னும் கோபப்பட்டார். “இறங்கும்போது லிஃப்ட்ல போங்க. இது மருந்து மாதிரி, புரியுதா?”

லிஃப்ட் வந்தது. நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. உள்ளே இன்னும் இரண்டு பேர். தலை குனிந்திருந்ததால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பளபளக்கும் ஒரு ஜோடி ஷூவும், ஊதாச் செருப்பு ஒரு ஜோடியும்தான். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் விளக்கு அணைந்தது. ஒரு சின்னக் குலுக்கல். நின்றுவிட்டது. மூலையில் ஒரு மங்கல் விளக்கு எரிந்தது.

நான் நினைத்தேன்: சரி, இன்றோடு இந்த மனுஷன் மறுபடி வீட்டை விட்டே வரமாட்டார்.

ஊதாச் செருப்புக்காரப் பெண் மூச்சை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். “விழுந்துடுமா? விழுந்துடுமா?” என்று அதையே கேட்டாள். ஷூக்காரர் வாட்டசாட்டமான ஆள். கதவு இடுக்கில் விரலை விட்டு நெம்பத் தொடங்கினார்.

“கையை எடுங்க.”

என் வீட்டுக்காரரின் குரல்தான். நிமிரவில்லை. ஷூவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலுக்கு ஷூக்காரர் கையை எடுத்துவிட்டார்.

“இந்த வேலையில இருபத்தாறு வருஷம் இருக்கேன். நின்னுபோன லிஃப்ட்ல சும்மா நின்னவங்க யாருக்கும் அடிபட்டு நான் பாத்ததில்ல. கதவைத் திறந்து நாமளே வெளியே குதிச்சிடலாம்னு பாத்தாங்களே, அவங்களுக்குத்தான் அடிபட்டிருக்கு.” அப்புறம் அந்தப் பெண் பக்கம், அதாவது அவள் செருப்புப் பக்கம், திரும்பினார். “இங்க பாரும்மா. மேல அஞ்சாறு கயிறு இருக்கும். ஒரு கயிறே நம்ம எல்லாரையும் தாங்கும். பிரேக் இருக்கே, அது கரண்ட் இருந்தாதான் விடும். கரண்ட் போச்சுன்னா தானா பிடிச்சுக்கும். இப்போ எல்லாம் இருட்டா இருக்கில்ல? இப்பதான் அது நம்மளை இறுக்கிப் பிடிச்சிருக்கு.”

“நான் என்ன பண்ணணும்?” என்றாள்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம். பிடிச்சிருக்கறது பிடிச்சிருக்கும். நீ நில்லு, போதும்.”

“நீங்கதான் இதைச் செக் பண்ணீங்களா?”

“இல்லம்மா. வேற ஒருத்தர்.”

“அவரை உங்களுக்குத் தெரியுமா?”

நான் அவர் கையைப் பிடித்தபடிதான் நின்றேன். விரல்கள் என் விரலை ஒருமுறை அழுத்தின.

“நான் பாத்ததில்ல,” என்றார் மெதுவாக. “ஆனா நல்லா பாத்திருக்காரு. அதனாலதான் நின்னுக்கிட்டிருக்கோம்.”

அவள் மூச்சு அடங்கியது. அப்படியே நின்றோம். கால் மணி நேரமிருக்கும். அந்தக் கால் மணியில், என் கைக்குள் ஜில்லென்று இருந்த கை வெதுவெதுப்பானது. கரண்ட் வந்து, லிஃப்ட் கீழே போய்க் கதவு திறந்தபோது, ஊதாச் செருப்பு அவருக்கு முன்னால் வந்து நின்று, “ரொம்ப நன்றி அங்கிள்” என்றது. இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்தோம். வாசல் கதவை நான்தான் திறந்தேன், நான்தான் சாத்தினேன். அவர் இழுத்துப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

கட்டிலில் கவிழ்ந்து, நெற்றியை வளையத்தில் வைத்த பிறகு சொன்னார்.

“அந்தக் கண்ணாடி மூணையும் எடுத்துக் கொண்டுபோய் என் வேலைப் பையில போட்டுடு. நோட்டை எடுத்துட்டு வா. பேனாவும்.”

சாதத்துக்கு அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, நோட்டோடு வந்து தரையில் படுத்தேன். அந்த நோட்டை அதுவரை நான் திறந்ததில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கட்டங்களுக்கு மேலே தலைப்பு: பாகம், பொறுப்பு, தேதி, குறிப்பு. பொறுப்பு என்ற கட்டத்தில் சில இடங்களில் ‘கடவுள்’, சில இடங்களில் ‘நான்’. புரட்டினால், முன்பக்கங்களில் கடவுளுக்கு நிறைய வேலை இருந்தது. போகப் போக ஒவ்வொன்றாக அடித்து, குறிப்பில் எழுதியிருந்தார்: ‘தாமதம். பொறுப்பு மாற்றம்: நான்.’ மகளின் படிப்பு, மகளின் ஊர் மழை, அக்காவின் மூட்டுவலி, பக்கத்து வீட்டுத் தொட்டி. நான் புரட்டிய வரையில், கடைசியாகக் கடவுளுக்கு மிச்சம் இருந்தது சூரியனும் மழையும் மட்டும். அந்த மழைக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “கடவுளை வேலையை விட்டே தூக்கிட்டீங்களே!”

“தெரியுது,” என்றார். அவரும் சிரித்தார், மேலேயிருந்து சிரிப்பது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. கண்ணை மூடினார். இந்தத் தடவை ரிப்போர்ட் இல்லை. “கடவுளே, எனக்குக் களைச்சுப் போச்சு,” என்றார். “ரொம்ப நாளாவே களைச்சுப் போச்சு. நான் பிடிச்சு ஒண்ணும் நிக்கல. நீ பிடிச்சுக்கோ.” அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்தில் அவர் சொன்ன பிரார்த்தனைகளிலேயே சின்னது அதுதான்.

“ஒவ்வொண்ணா வாசி. ‘நான்’னு இருக்கற இடத்துல எல்லாம் அடிச்சிட்டு அவர் பேரை எழுது.”

வாசித்தேன். வாசல் பூட்டு. கேஸ். மகள் வண்டி ஓட்டுவது. தன் வலது கண். அதற்குக்கூட ‘நான்’ என்று போட்டிருந்தார், பாவம். ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார். நான் அடித்து எழுதினேன். பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கம் முழுக்க டிக் குறி. அடுத்த பக்கமும். அதற்கடுத்ததும். பாகம் என்ற கட்டத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, என் பெயர் இருந்தது.

‘மூச்சு. தினமும் இரவு 2 மணி. பொறுப்பு: கடவுள். கூட: நான்.’

முதல் டிக்குக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அந்த வாரம்தான் எனக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிகிற நேரத்தில் அரை நிமிஷம் மூச்சு நின்றுபோய், பிறகு சரியாகிவிட்டது. நான் அதை எப்போதோ மறந்துவிட்டேன். எனக்கு அதில் நினைவிருக்கவும் ஒன்றுமில்லை, மயக்கத்தில் இருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முழித்துக்கொண்டு நின்றவர் இவர்தான்.

ஒன்பது வருடம். இரண்டு மணி. கேஸ் பார்க்கப் போகிறார் என்று நான் கேலி பேசிய எல்லா ராத்திரியும், இந்த மனுஷன் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் டிக் அடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். சொல்லவே இல்லை. நான் வாய் கிழியப் பேசியபோதும் சொல்லவில்லை.

“ஏன் நிறுத்திட்டே?” என்றார் மேலேயிருந்து.

“இதையும் மாத்தணுமா?” அந்தப் பக்கத்தை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு சேர்ந்தது. குனிந்திருப்பவரின் கண்ணீர் கன்னத்தில் ஓடாது, நேரே விழும். என் கழுத்தில் விழுந்தது. ஆபரேஷன் ஆன கண்ணா, மற்ற கண்ணா என்று தெரியவில்லை. அழக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாரா இல்லையா என்பதும் நினைவுக்கு வரவில்லை.

“அதை எழுதத்தான் பயமா இருக்கு,” என்றார். “வாசல் போனா போகுது. கண்ணு போனாக்கூடப் போகுது.” பிறகு மூச்சை இழுத்துவிட்டார். “நான் பாத்துக்கிட்டிருந்ததாலயா நீ மூச்சு விட்டே? எழுது. ‘கூட’ன்னு போட்டதை மட்டும் அடி.”

அடித்தேன். கோடு நேராக வரவில்லை. ‘கடவுள்’ என்று அங்கே ஏற்கெனவே இருந்தது. நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. எத்தனை பாக்கி இருக்கிறது என்று சொல்லலாம் என்று மேலே பார்த்தால், வாய் லேசாகத் திறந்திருந்தது. பட்டப்பகலில், பட்டியல் முடிவதற்குள், தூங்கிவிட்டார். கன்னத்தைச் சாய்க்கவில்லை. நெற்றி வளையத்தில் சரியாகப் பொருந்தியிருந்தது. நான் அங்கேயே, அந்த முகத்துக்கு அடியிலேயே படுத்துக்கிடந்தேன். அடுப்பில் வைத்த பாத்திரம் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன்.

மீதி ஆறு நாளும் அவர் தூங்கிய தூக்கம் கும்பகர்ணனுக்குக்கூடக் கொஞ்சம் அதிகம். பத்தாம் நாள் டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், இன்னொரு படம் எடுத்துப் பார்த்தார். “மூடியிருக்கு,” என்றார். அவராலேயே நம்ப முடியவில்லை. “நீங்களா இவ்வளவு அசையாம படுத்தீங்க?”

“என் டியூட்டியை வேற ஒருத்தர் பாத்தாரும்மா,” என்றார் இவர். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

இப்போது அவர் வேலைக்குப் போகிறார். லிஃப்டில் ஒரு நட்டை முறுக்கினால் இன்னமும் இரண்டு தடவை பார்ப்பார்; அது அவர் வேலை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வாசல் கதவை ஒரு தடவைதான் இழுக்கிறார். இரண்டு மணிக்கு எழுவதில்லை. விசேஷங்களுக்கு நேரத்தோடு போய், யாரும் வருவதற்கு முன்னால் நாற்காலி வரிசையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். ஒரு மணி நேரமாயிற்று, இரண்டு மணி நேரமாயிற்று. அசைவே இல்லை. இப்படித் தூங்குகிற ஆளா இவர்? பூனைபோல் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

“வருது, வருது,” என்றார். “நீயும் அவர் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு வந்து படு.”